அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்

கேள்வி: எங்கள் ஊர் பள்ளத்தூர்ப் பக்கம். ஒன்பது வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்து பத்து நாள் கழித்து, காலில் செருப்பு நிற்கவில்லை என்றான். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் கையைத் தூக்க முடியவில்லை. மதுரையில் சேர்த்தோம். ஜி.பி.எஸ். என்கிற கில்லன் பாரே நோய் என்றார்கள். பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தான். வார்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. உட்காருகிறான், நிற்க முடியவில்லை. போர்வை பட்டாலே கால் எரிகிறது என்று அழுகிறான். துப்புரவு வேலைக்கு வரும் அம்மாவிடம் பேசுகிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மலத்தை இரண்டு முறை பரிசோதனைக்கு எடுத்தார்கள், போலியோவாக இருக்குமோ? அவன் அப்பா சிங்கப்பூர் திரும்ப வேண்டிய நாள் நெருங்குகிறது. தைப்பூசத்துக்குப் பேரன் பழனிக்கு நடந்து வருவான் என்று அப்பத்தா வேண்டியிருக்கிறார்கள். அதற்குள் நடந்துவிடுவானா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, கால்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பற்றிப் பேசுவோம்.

கில்லன் பாரே நோயில், குடலுக்குள் வந்த கிருமியை எதிர்க்க உருவான நோய் எதிர்ப்பு ஆற்றல், ஆள் மாறாட்டமாகக் கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளையும் அவற்றின் உறையையும் தாக்குகிறது. மூச்சுத் தசைகளின் நரம்புகளும் தாக்கப்பட்டால்தான் வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. மூளைக்கு இதில் பாதிப்பு இல்லை. ஆகவே, அந்தப் பதினோரு நாள்களில் மயக்க மருந்தின் பிடி தளர்ந்த நேரங்களிலெல்லாம் உங்கள் மகன் கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல், ஆனால் காது நன்றாகக் கேட்கும் நிலையில் படுத்திருக்கக்கூடும். கட்டிலருகே யார் யார் என்னென்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எவ்வளவு செலவாகும், இனி நடப்பானா, 2025 தொடக்கத்தில் புனேயில் இந்நோய் பலருக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்ற பேச்செல்லாம் அவன் தலைக்கு மேல்தான் நடந்திருக்கும். இவற்றுக்கு நடுவே, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்று தினமும் அவன் காதில் யாரோ சொல்லியிருப்பீர்கள். அந்த நாளை வரவேயில்லை.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், இதே நோயால் படுத்திருந்த ஒரு சிறுமியின் கால்மாட்டில் நின்று, "இன்னும் இரண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று அவளுடைய தந்தையிடம் சொன்னேன். குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் என்னிடம் கேட்டாள்: "ரெண்டு நாள் கழிச்சு என்ன சொல்றதா இருந்தீங்க டாக்டர்?" அன்றிலிருந்து நான் நோயாளியின் கட்டிலருகே நின்று வீட்டாரிடம் பேசுவதில்லை.

எனவே இன்று மாலையே, கூட்டம் இல்லாத நேரத்தில், நீங்களும் அவன் அப்பாவும் அவன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள். மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு, அது பழுதாகி இப்போது மீண்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது, மெதுவாகத்தான் வளரும், இது நீ செய்த எந்தத் தப்பாலும் வந்ததில்லை என்று அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது பயத்தில் சொன்னது, எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது வலிக்காது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். போடுவதற்குச் சற்று முன்னால், கொஞ்சம் வலிக்கும், எந்தக் கையில் போடலாம் என்று அவனையே கேளுங்கள். குழாய் போடும்போதும் சளி உறிஞ்சும்போதும் அவனை அசையாமல் பிடித்துக்கொண்டது நீங்களாக இருந்தால், இனி அந்த வேலையைச் செவிலியர் பார்க்கட்டும், நீங்கள் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துப்புரவு அம்மாவிடம் பேசுகிறான் என்பது நல்ல செய்தி: அவனிடம் சொல் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அந்தக் கோபத்தைப் பெற்ற அம்மாவான உங்களிடம்தான் காட்ட முடியும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கத்தில் அலறுவதும் படுக்கையை நனைப்பதும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் குழந்தைகளிடம் அடிக்கடி காண்பவை, பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

இனி கால்கள். இந்த நோயில் பலவீனம் ஏறக்குறைய இரண்டு வாரத்திலும், மிஞ்சினால் நான்கு வாரத்திலும் உச்சத்தைத் தொட்டு, சில நாள் அங்கேயே நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். பலம் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத் திரும்பும்; பாதம் கடைசியில் வரும். அவன் உட்கார்ந்தும் நிற்க முடியாமல் இருப்பது அந்த வரிசைப்படிதான். உறை மட்டும் பழுதாகியிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். உள்ளிருக்கும் நரம்பிழையே அறுந்திருந்தால், அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம்வரை 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதம். இரண்டில் எது என்பதை நரம்புக் கடத்தல் பரிசோதனையைப் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள், பெரும்பாலானோர் துணையின்றி நடக்கிறார்கள். தினமும் காலைத் தூக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். ஞாயிறுதோறும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான்கு வரி சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

போர்வை பட்டால் எரிகிறது என்பது அடமோ நடிப்போ அன்று. நரம்பு வலி அப்படித்தான் இருக்கும். அதற்கென்று மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியின் இரண்டு எதிர்ப்பக்கங்களை வெட்டிவிட்டு, பாதங்களுக்கு மேல் பாலம்போலக் கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள்; துணி காலில் படாது. எண்ணெய் தடவுவது ஆறுதல் தந்தால் தடவலாம், அழுத்தி உருவுவதும் மூட்டை இழுத்துவிடுவதும் கூடாது. பாதம் முன்னால் தொங்கிப்போய் அப்படியே இறுகாமலிருக்க, பிசியோதெரபிஸ்ட் தரும் தாங்கியைச் சொன்ன நேரமெல்லாம் போட்டு வையுங்கள். பயிற்சி சிறுசிறு தவணைகளாக இருக்கட்டும். மறுநாள் வலியோ சோர்வோ கூடினால் முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

விழுங்குவது சரியாகிவிட்டது என்று வார்டில் சொன்ன பிறகே வீட்டுச் சாப்பாடு. அப்போதும் நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு வாயாக. கும்மாயத்தை (நம் பக்கத்து உளுந்து மாவு இனிப்பு) ஒட்டாத பதத்தில் இளக்கமாகக் கிண்டினால் நன்றாக இறங்கும். தண்ணீர் குடித்தவுடன் இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மலப் பரிசோதனையைப் பற்றிக் கவலை வேண்டாம். 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கை கால் துவண்டாலும், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்தாக வேண்டும் என்பது போலியோ கண்காணிப்பு விதி. 2014-இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்ற பிறகும் அந்தக் கண் விழித்தே இருக்கிறது. 60 நாள் கழித்து யாராவது வந்து அவன் காலைப் பார்த்தால் அதுவும் இதைச் சேர்ந்ததே.

சிங்கப்பூர்ப் பயணத்தை அவன் தூங்கும்போது கிளம்பிப்போகும் பயணமாக ஆக்கிவிடாதீர்கள். தேதியை முன்கூட்டியே சொல்லி, தினமும் எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு என்று முடிவு செய்து, அந்த நேரம் தவறாமல் அப்பா அழைக்க வேண்டும். இரவு விழிப்பவர் பகலில் தூங்கியாக வேண்டும் என்பதால், இரண்டாவது ஆளை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் மாடியில் வேண்டாம். ஆத்தங்குடித் தளத்தில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் தள்ளாடும் காலுக்கு ஆபத்து. உயர்ந்த நிலைப்படிகளும் அவனுக்கு மலைகள்தாம். கழிவறைக்குப் போகும் வழியைக் காலையில் ஒருமுறை துடைத்து உலர்த்தி, நிலைப்படிக்குச் சாய்வுப் பலகை போட்டுவிடுங்கள். 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூச்சுத் தசையின் பலத்தை அறிய, தினமும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் குறித்துவையுங்கள், விளையாட்டாகவே செய்வான். நேற்று 20 வரை எண்ணியவன் இன்று 12-இல் நின்றாலோ, தேறிய கையோ காலோ மறுபடி துவண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். சிலருக்கு முதல் சில வாரங்களில் நோய் ஒருமுறை திரும்பத் தலைகாட்டுவதுண்டு.

பழனி நடை இந்தத் தைப்பூசத்துக்கு வேண்டாம். பலம் வந்த பிறகும் களைப்பு மாதக்கணக்கில் நிற்கும் நோய் இது. அவனுக்காக வீட்டுப் பெரியவர் ஒருவர் காவடி எடுக்கட்டும். நேர்த்திக்கடனுக்குத் தவணை தர மறுப்பவன் அல்லன் முருகன். அந்தப் பேச்சை மட்டும் அப்பத்தாவிடம் வெளி வராந்தாவில் வைத்துப் பேசுங்கள், கட்டிலுக்குக் கேட்காத தூரத்தில்.