ஜெனோவாவில் ஆறு மணி நேரம், அம்மாவுக்கு மூட்டு வலி
கப்பல் ஆறு மணி நேரம்தான் நிற்கும், அம்மாவால் படி ஏற முடியாது, இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில் எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். மேடும் பள்ளமுமான ஊர்தான், ஆனால் பொது லிஃப்ட் உண்டு.

டாக்சியில் நேராகக் கரிபால்டி தெருவுக்குப் போங்கள். 16ஆம் நூற்றாண்டுப் பணக்காரக் குடும்பங்களின் மாளிகைகள் இருபுறமும். வண்டித் தொல்லை இல்லை. பக்கத்திலேயே போர்டெல்லோ சதுக்கம். அங்குள்ள சுரங்கப்பாதையின் முடிவில் காஸ்டெல்லெட்டோ லிஃப்ட் இருக்கிறது. மேலே அம்மா பெஞ்சில் உட்காரட்டும்: ஸ்லேட் கல் வேய்ந்த கூரைகள், துறைமுகம், 1543இல் கட்டிய 77 மீட்டர் கலங்கரை விளக்கம் எல்லாம் கண்முன்னே.

அப்புறம் சாப்பாடு. ஃபரினாட்டா என்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவில் சுடுவது, சைவம், நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம். பழைய நகரத்துச் சந்துகளை மட்டும் விட்டுவிடுங்கள், பல இடங்களில் ஏற்றமும் படியும்தான்.