சின்ன பால்கனியில் காய்கறி: மண் தரையில் இருக்கட்டும், கொடி மேலே ஏறட்டும்

சென்னையில் மூன்றாவது மாடி, 4 அடி அகல பால்கனி, சுவரில் வரிசையாக மாட்டும் துணிப்பைகள் வாங்கினால் காய்கறி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்தான் வேண்டும் என்றால் அந்தப் பைகளை வாங்காதீர்கள்.

அவற்றில் ஒவ்வொன்றிலும் பிடிப்பது ஒன்றிரண்டு லிட்டர் மண்தான். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். மேல் வரிசை வாடும், வடிந்த தண்ணீரெல்லாம் சேர்ந்து கீழ் வரிசை அழுகும். பை சுவரை ஒட்டி இருந்தால் ஈரம் ஊறி பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். புதினா, சிறுகீரைக்கு வேண்டுமானால் சரி. 12க்கு 12 அங்குல வளர்ப்புப் பை ஒன்றைத் தரையில் வைத்தால் 20 லிட்டருக்கு மேல் கலவை பிடிக்கும். அதில் ஒரே ஒரு பாகல் விதை போட்டு வலை கட்டிவிடுங்கள், அது கூரைவரை போகும். கலவைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. போதும்.

பால்கனி எந்தத் திசை பார்த்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் தெற்கு பார்த்த பால்கனியில் கோடையில் நேர் வெயில் விழாது, மார்கழியில் வீட்டுக்குள்வரை அடிக்கும். வடக்கு பார்த்ததில் இது தலைகீழ், கோடையில்தான் நேர் வெயில் விழும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தெற்கு பால்கனிக்கு நன்றாகவே பொருந்துகிறது: கொடி ஏறிப் பூக்கிற நேரத்தில் வெயிலும் தெற்கே திரும்பிவிடும். வடக்கு பால்கனி என்றால் பங்குனியில் விதையுங்கள். கிழக்கு பார்த்தது அமைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், வருடம் முழுக்கக் காலை வெயில் உண்டு. வெயிலே எட்டிப் பார்க்காத பால்கனியில் காய்க்கு ஆசைப்பட வேண்டாம். அங்கே வெற்றிலைக் கொடி அருமையாக வரும், ஓரளவு வெளிச்சம் இருந்தால் கொடிப்பசலையும் வரும். இரண்டுமே தண்டை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும்.

இனி பூ விஷயம். மாடியில் பலர் கைவிடுவது இங்கேதான். பாகலில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிர்ந்துகொண்டே இருக்கும், பயப்படாதீர்கள். பெண் பூ வந்தால் பார்த்த உடனே தெரியும். பூவுக்குக் கீழே நகம் நீளத்தில் ஒரு குட்டிப் பாகற்காய், முள்ளும் வரியுமாக, அப்படியே முழுசாக இருக்கும். மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவதை நம்பி உட்கார முடியாது. ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பாகல் விடியற்காலையில் மலர்வதால் காலை 9 மணிக்குள் செய்துவிட வேண்டும். பீர்க்கு சாயங்காலம் மலரும், புடலை இருட்டும்போது. காலையில் வேலைக்கு ஓடுகிறவர் என்றால் பீர்க்கங்காய்தான் உங்களுக்குத் தோது! கோவைக்காயில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஏற்கெனவே காய்க்கிற கொடியிலிருந்து தண்டு வாங்கி நடுங்கள், விதை போட்டு ஏமாற வேண்டாம்.

பிஞ்சு பிடித்ததும் காகிதப் பை மாட்டிவிட்டால் பழ ஈ தொல்லை இல்லை. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல், மாலையில் அடியுங்கள்.

வலையை கிரில் கம்பியில் மட்டும் கட்டுங்கள், தண்ணீர்க் குழாயில் கட்டாதீர்கள். நனைந்த பை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் வரும், அதைத் தரையில் வீட்டுச் சுவர்ப் பக்கமாக, சுவரில் ஒட்டாமல் வையுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு சின்னத் தொட்டிகூட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும் ஊர் இது. கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வலையின் மேல் முடிச்சை அவிழ்த்துக் கொடியோடு உள்பக்கம் சாய்த்து வைத்துவிடுங்கள். காற்று அடங்கியதும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், கொடிக்கு ஒன்றும் ஆகாது.