125 மடங்கு ஜூம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கச் செல்வது என் வழக்கம். நிலவையும் படமெடுக்க ஆசை. பேத்தி பரதம் பயில்கிறாள். அவளுடைய மேடை நிகழ்ச்சிகளையும் எடுக்க வேண்டும். கடைக்காரர் நிகான் கூல்பிக்ஸ் பி1000 ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். மருமகனோ கேனான் ஆர்7 மிரர்லெஸ் பாடியுடன் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமராவின் உடற்பகுதி) ஆர்எஃப் 100-400 லென்ஸ் வாங்கச் சொல்கிறார். முதலாவதில் 125 மடங்கு ஜூம் இருக்கிறது, இரண்டாவதில் 4 மடங்குதான், ஆனால் விலை அதற்கே அதிகம். எதை வாங்குவது?"

உங்கள் மூன்று தேவைகளில் நிலவுக்கு பி1000 மேல். மேடைக்கு ஆர்7 மேல், அதுவும் வேறொரு லென்ஸுடன். பறவைகளைப் பொறுத்தவரை அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன, அசைகின்றனவா, எந்த நேரத்து வெளிச்சம் என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் மருமகன் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையுடன். அதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால் கடையில் வேறு மாடலைக் காட்டினாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில் அந்த மடங்குக் கணக்கை ஒதுக்கிவைத்துவிடுங்கள். லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை (இது கூடக்கூடப் பார்க்கும் கோணம் குறுகும்) மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் ஈவுதான் அது; தொலைவில் இருப்பதை எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதற்கு அது நேரடி அளவு அன்று. பி1000-இன் லென்ஸ் உண்மையில் 4.3 மி.மீ. முதல் 539 மி.மீ. வரை நீள்கிறது. அதன் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் மட்டுமே கொண்டிருப்பதால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36×24 மி.மீ. சென்சார் கொண்டது) 24 முதல் 3000 மி.மீ. வரை கிடைக்கும் கோணத்தைத் தருகிறது. ஆர்7-இன் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.8 மி.மீ. உயரம், பரப்பில் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு பெரியது. அதில் 400 மி.மீ. என்பது 640 மி.மீ.க்கு ஈடான கோணம். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 125-ஐயும் 4-ஐயும் அல்ல, 3000-ஐயும் 640-ஐயும்தான்.

இந்த இடத்தில், சிறிய சென்சார் என்றாலே படம் மோசம் என்று முடித்துவிடுவது அனுபவமுள்ள புகைப்படக்காரர்களின் வழக்கம். அது பாதி உண்மைதான். தொலைவில் அமர்ந்திருக்கும் ஒரு பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது, எவ்வளவு நுண்மை பதிவாக முடியும் என்ற இரண்டையும் தீர்மானிப்பதில் லென்ஸின் ஒளித்துளை விட்டத்துக்கே முதலிடம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். பி1000 தன் முழு நீட்சியில் எஃப்/8. 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67 மி.மீ. ஆர்எஃப் 100-400-உம் முழு நீட்சியில் எஃப்/8 தான். 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மி.மீ. அதாவது கடைக்கோடி ஜூமில், சூப்பர்ஜூம் கேமராவான (லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட வகை) பி1000-இன் துளையே பெரியது. விளையாட்டுச் சாமான் என்று அதைத் தள்ளுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கூந்தன்குளத்தில் 200 மீட்டர் தொலைவில், ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை ஒன்று மரத்தில் அசையாமல் நிற்பதாகக் கொள்வோம். ஆர்7-இல் அது சென்சாரின் மீது 2 மி.மீ. உயரத்துக்கு, அதாவது சுமார் 620 பிக்சல்களில் விழும். கைபேசித் திரைக்குப் போதும், சுவரில் மாட்டுவதற்குப் போதாது. பி1000-இலோ அதே நாரை படச் சட்டத்தின் (ஃபிரேம்) உயரத்தில் பாதிக்கு மேல் நிறைந்து, 2000 பிக்சல்களில் பதிவாகும். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எஃப்/8 துளையில், ஒளி அலையின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 10 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகப் பரவுகிறது; பி1000-இன் ஒரு பிக்சலோ 1.3 மைக்ரான்தான். ஆகவே முழு ஜூமில் அதன் 16 மெகாபிக்சலில் பெரும்பகுதி பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணாகவே நின்றுவிடும். அப்படியிருந்தும், நல்ல வெயிலில் அசையாத தொலைதூரப் பறவைக்கு, நீங்கள் ஒப்பிடும் இரண்டில் அதுவே கூடுதல் விவரம் தரும்.

நிலவும் இதே வகைதான்: வெகு தொலைவு, நிறைய வெளிச்சம், ஏறக்குறைய அசைவின்மை. முழு ஜூமில் பி1000-இன் சட்டத்துக்குள் முழுநிலவு அடங்காது. சற்றுப் பின்வாங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆர்7-இல் 400 மி.மீ.யில் நிலவின் விட்டம் 1100 பிக்சல்களுக்குச் சற்று மேல் வரும். பள்ளங்கள் தெளிவாகவே தெரியும், ஆனால் வியப்பூட்டும் நெருக்கம் இராது.

இதற்குள் நீங்கள் பி1000 பக்கம் சாய்ந்திருக்கலாம். சற்றுப் பொறுங்கள். தென்மாவட்டங்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் நீர்ப்பரப்பின் மீதும் காய்ந்த தரையின் மீதும் சூடான காற்று நெளியத் தொடங்கும். அந்த அலைச்சலை ஊடுருவி 200 மீட்டர் தொலைவில் உள்ளதை எடுத்தால், எந்தக் கேமராவும் குழைந்த படத்தையே தரும். ஜூம் கூடக்கூடக் குழைவும் பெரிதாகத் தெரியும். 3000 மி.மீ. உண்மையில் பயன்படுவது விடிந்த பிறகு கிடைக்கும் சில மணி நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் வெளிச்சம் குறைவு என்பது வேறு சங்கடம்.

மேலும், கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன; ஊரார் தலைமுறைகளாக அவற்றைக் காத்து வருவதால் மனிதர்களைக் கண்டு பெரிதாக அஞ்சுவதில்லை. 50 மீட்டருக்குள் நாரைகள் கிடைக்கும் இடம் அது. அந்தத் தொலைவில் ஆர்7-இல் நாரை சட்டத்தின் பாதி உயரத்துக்கு மேல், 2500 பிக்சல்களில் பதிவாகும். பி1000-ஐ முழுதும் நீட்டினால் அதே 50 மீட்டரில் சட்டத்தின் அகலம் சுமார் 60 செ.மீ. மட்டுமே; ஒன்றரை மீட்டர் சிறகுவிரிப்புள்ள நாரை அதற்குள் நுழையவே நுழையாது. ஜூமைக் குறைத்து 640-க்கு ஈடான கோணத்துக்கு வந்தால், உண்மைக் குவியத் தூரம் 115 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். அங்கே எஃப்/5 கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் துளையின் விட்டம் 23 மி.மீ.தான். ஆர்7-இன் லென்ஸோ அதே கோணத்தில் 50 மி.மீ. துளையுடன் நான்கு மடங்குக்கும் மேல் ஒளியைச் சேர்க்கிறது. கடைக்கோடியில் இருந்த அனுகூலம் ஜூமைக் குறைத்த உடனேயே தலைகீழாகிவிடுகிறது.

பறக்கும் பறவைக்கு வந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. பி1000 படத்தின் ஒளி-இருள் மாறுபாட்டைத் (கான்ட்ராஸ்ட்) தேடித்தேடி ஃபோகஸ் செய்யும் வகை. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும். ஆர்7 சென்சாரிலேயே கட்ட வேறுபாட்டை (லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் பிம்பங்களுக்கு இடையிலான விலகல்) அளந்து, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை உடனே அறிந்துகொள்கிறது. பறவையின் கண்ணை அடையாளம் கண்டு பின்தொடரவும் செய்கிறது. பி1000 விநாடிக்கு 7 படங்கள் வேகத்தில் 7 படங்களை எடுத்தபின், அவற்றைச் சேமித்து முடிக்கும்வரை உங்களைக் காக்கவைக்கும்; வரித்தலை வாத்துக் கூட்டம் எழும்பிப் போவதற்கு அந்த இடைவெளி தாராளம். ஆர்7 மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 15 வீதம் சில விநாடிகள் தொடர்ந்து எடுக்கும். அதன் மின்னணு ஷட்டரில் 30 வரை போகலாம் என்று விளம்பரத்தில் பார்ப்பீர்கள். அந்த முறையில் சென்சாரை வரிவரியாகப் படிக்க நேரம் பிடிப்பதால், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து கோணலாகப் பதிவாவதுண்டு. பறக்கும் பறவைக்கு 15-உடன் நிறுத்திக்கொள்வதே நல்லது.

பேத்தியின் நடனத்துக்கு நீங்கள் குறிப்பிட்ட இரண்டுமே பொருந்தா. அரங்கில் வெளிச்சம் குறைவு. முத்திரை கலங்காமல் பதிய 1/250 விநாடியாவது வேண்டும். 100-400 லென்ஸ் அங்கே இருட்டு. ஆர்7-க்கு ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2 லென்ஸை மாட்டினால், மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி அமர்ந்தும் ஆடுபவரின் முழு உருவம் அளவாக அமையும். அதே கோணத்தில் பி1000-இன் துளை 7 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், 85 மி.மீ. லென்ஸின் துளையோ 42 மி.மீ. உள்ளே வரும் ஒளியில் வித்தியாசம் முப்பது மடங்குக்கும் மேல். இதை எந்த மென்பொருளாலும் சரிக்கட்ட முடியாது. எல்இடி மேடை விளக்குகளின் கீழ் மின்னணு ஷட்டர் படத்தில் பட்டைகளை உண்டாக்கும் என்பதால், சத்தம் கேட்டாலும் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள்.

எடை குறித்து ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. பி1000 1415 கிராம். ஆர்7-உம் 100-400 லென்ஸும் சேர்ந்து சுமார் 1250 கிராம்தான். எனவே ஒற்றைக் கேமரா என்பதால் சுமை குறையும் என்ற வாதம் இங்கே எடுபடாது. அந்த லென்ஸ் 88 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதால் வண்ணத்துப்பூச்சிகளும் உங்கள் கணக்கில் சேரும். பராமரிப்பிலும் கவனிக்க ஒன்று உண்டு: நீண்டு சுருங்கும் சூப்பர்ஜூம் குழாய் தூசியை உள்ளிழுத்துவிட்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், மிரர்லெஸ் சென்சாரில் தூசி விழுந்தால் பெரும்பாலும் காற்றூதியால் நீங்களே அகற்றிவிடலாம். ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இரண்டுக்கும் பொதுவானது; தோல்பையில் மூடிவைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.

நான் சொன்ன நிபந்தனை பணத்தைப் பற்றியது. ஆர்7 பாடியை வாங்கியதும் கையிருப்பு தீர்ந்து, அதனுடன் வரும் 18-150 கிட் லென்ஸோடு நிற்க வேண்டியிருக்கும் என்றால், அந்த வழியில் போகவே வேண்டாம். பறவைகளுக்கு அதைவிட பி1000 எவ்வளவோ மேல்; அல்லது ஒரு கிலோ எடையில் 2000 மி.மீ. வரை போகும் நிகான் பி950 இன்னும் கைக்கடக்கம். மிரர்லெஸ் வாங்குபவர் லென்ஸுக்கு முதலில் பணம் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் பாடியைத் தேட வேண்டும். பழைய பொருள் வாங்கத் தயக்கம் இல்லையென்றால் கேனானின் ஈஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6 எல் லென்ஸைத் தேடிப்பாருங்கள். ஈஎஃப் லென்ஸ்களுக்கான கேனான் அடாப்டருடன் ஆர்7-இல் அது நன்றாக வேலை செய்யும். லென்ஸுக்குள் அதிர்வுத் தடுப்பு கிடையாது. அந்தக் குறையை ஆர்7-இன் பாடிக்குள் இருக்கும் தடுப்பு ஓரளவு ஈடுகட்டும். அந்த லென்ஸின் துளை 71 மி.மீ., பி1000-ஐயும் மிஞ்சியது. ஜூம் இல்லை என்பதையும், மூன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைக்குப் போகும்போது மாலை ஐந்தரை மணிக்குப் போங்கள். உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். வாசலில் நின்று மின்கம்பியில் அமர்ந்திருக்கும் காக்கையை இரண்டிலும் எடுங்கள். அது பறக்கும்போதும் எடுங்கள். பிறகு கடைக்குள் திரும்பி, விளக்கொளியில் நடமாடும் ஊழியர் ஒருவரை 1/250 விநாடியில் எடுங்கள். கேமராவின் சிறு திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். வீட்டுக் கணினியில் முழு அளவில் திறந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.