துணிக்கூரைக் காரும் முற்றத்து ஜலதாரையும்

தம்பிக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பிரான்சுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், கோடையில் ஆசைப்பட்டு வாங்கிய, கூரையை மடக்கித் திறக்கக்கூடிய 2004ஆம் ஆண்டு துணிக்கூரைக் காரில் ஐப்பசி பிறந்ததிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கார்பெட் ஊறிக் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கராஜில் கூரையையே மாற்ற வேண்டும் என்று 1,800 யூரோ கேட்கிறார்கள், மாற்றுவதா அல்லது வண்டியை விற்றுவிடுவதா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பாரிசுக்கு அருகே சார்செல்லில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன், அதில் பதினான்கு ஆண்டுகள் இத்தகைய வண்டிதான் வைத்திருந்தேன். விடுமுறைக்கு வந்த இடத்தில், புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இந்த வீட்டின் நடுவே முற்றம் இருக்கிறது. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் மழையை முற்றத்துக்குள்தான் இறக்குகின்றன. அந்தத் தண்ணீர் மூலையில் உள்ள ஜலதாரை வழியாகத் தெருவுக்குப் போய்விடுவதால்தான் வீடு நனையாமல் நிற்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அன்று எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, ஆனால் கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. வேப்பிலைச் சருகும் ஒரு பால் பாக்கெட் உறையும் ஜலதாரையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. என் தம்பி கையை விட்டு அதை எடுத்த பிறகே தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

துணிக்கூரைக் காரையும் இந்த முற்றத்தைப் போலத்தான் அமைத்திருக்கிறார்கள். துணியும் கண்ணாடியும் கதவு ரப்பரும் கூடுமிடத்தில் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும் என்று தெரிந்தே, கூரையின் பின் அடிவிளிம்பில் அதை ஏந்திக்கொள்ள ஒரு வாய்க்காலை வைத்து, இரண்டு பக்கமும் குழாய் இறக்கி வண்டிக்கு அடியில் விட்டுவிடுகிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியில் அந்தக் குழாய்களின் வாய் இருக்கைகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் தூண்களை ஒட்டி இருக்கும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைக்காம்பும் தூசியும் துணியிலிருந்து உதிரும் பஞ்சும் அங்கே சேர்ந்து, களிமண் போல இறுகிவிடும். பிறகு பெய்யும் மழை வாய்க்காலில் நிரம்பி வழிந்து, வண்டிக்குள் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் தேங்கும்.

இதில் ஏமாற்றுவது அந்தக் கார்பெட்தான். அதன் அடியில் மெத்தை போலத் தடித்த நுரைப்பஞ்சு இருக்கிறது. மேலே தொட்டால் லேசான ஈரம்தான் தெரியும், ஆனால் ஓரத்தைத் தூக்கி அழுத்தினால் லிட்டர் கணக்கில் தண்ணீர் வடியும். புதுச்சேரியில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதிதான் பாரிசில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிறது என்றாலும், நம்மூரில் அடுத்த நாள் வெயில் அடித்துக் காய்ந்துவிடுகிறது, அங்கே அக்டோபரில் ஊறியது மார்ச் வரை காயாது. காலையில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிவதும், பூசணம் பிடித்த மக்கல் வாடையும் அதற்கான அறிகுறிகள். தரைத் தகடு துருப்பிடிப்பது மெதுவாக நடக்கும், மின்னணுப் பெட்டிகள் அவ்வளவு காலம் பொறுக்காது. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் திருட்டுத் தடுப்புப் பெட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அதே காலத்து பிஎம்டபிள்யூ இசட்4 காரில் கூரையை மடக்கும் மோட்டார், வடிகுழாய் அடைத்தால் மூழ்கிப்போகும் பள்ளத்தில் இருக்கிறது.

மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கூரையைப் பாதி திறந்து, டார்ச் அடித்து அந்த வாயைத் தேடுங்கள். அரை லிட்டர் தண்ணீரை டம்ளரால் மெல்ல ஊற்றுங்கள், நண்பர் ஒருவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கட்டும். ஊற்றிய உடனே இரு பக்கமும் தரையில் கொட்ட வேண்டும். வாயிலேயே குளமாக நின்றால் அடைப்பு அங்கேதான். புல் வெட்டும் இயந்திரத்துக்கு விற்கும் நைலான் கம்பியின் முனையைத் தீயில் காட்டி மழுக்கி, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும், காற்றழுத்தம் கொடுத்தால் குழாய் இணைப்பிலிருந்து கழன்று, நமக்குத் தெரியாமலே உள்ளுக்குள் ஊற்றும். என் முதல் வண்டியில் இப்படி வெளியே வந்தது, கட்டைவிரல் தடிமனில் கறுத்த சேறும், பிளாத்தான் மர இலைக்காம்புகளும், யாரோ ஒரு குழந்தையின் ஹேர்கிளிப்பும்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அந்த வண்டியை ஒரு கராஜில் கொடுத்திருந்தேன். அவர்கள் வாய்க்காலின் விளிம்பு முழுவதும் சிலிக்கான் பசையைப் பூசி, கசிவை அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். வழிந்து போக வேண்டிய இடத்தையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். சனவரியில் ஒரு காலை வண்டி கிளம்பவே இல்லை. அதனால்தான், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பசை பூசுகிறவரிடமும் கூரையை மாற்றச் சொல்கிறவரிடமும் காசு கொடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

குழாய் சுத்தமாக இருந்தும் ஈரம் வந்தால், ரப்பரைச் சோதியுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. ரப்பர் வறண்டிருந்தால் சிலிக்கான் கிரீஸைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் எடுக்கும் வாசலினும் தேங்காய் எண்ணெயும் இதற்கு வேண்டாம். வாசலினில் உள்ள பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பவைக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. பெரும்பாலான துணிக்கூரைகளில் மேலே நெய்த துணி, நடுவில் ரப்பர், உள்ளே மெல்லிய துணி என்று மூன்று அடுக்கு இருக்கும். மழையைத் தடுப்பது நடு அடுக்குதான் என்பதால், மேல்துணி நனைந்து கறுப்பதாலேயே கூரை கெட்டுவிட்டது என்று பொருளில்லை. மென்மையான பிரஷ், மிதமான சோப்பு, நிறைய தண்ணீர் போதும், முழுதும் காய்ந்த பிறகு நீர்விலக்கி தெளிக்கலாம். அழுத்த நீர்ப்பீச்சியை அருகில் கொண்டு போகாதீர்கள். ஈரத்தோடு மடக்கினால் பூசணம் பிடிக்கும்.

வண்டியை உலர்த்தும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இருக்கையைத் தூக்க வேண்டும், ஏனெனில் அதன் அடியில் ஏர்பேக் இணைப்புகள் இருக்கலாம். நுரைப்பஞ்சு காயும்வரை கார்பெட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதற்கு இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

விற்றவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு மறைந்திருந்த குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது, தனிநபர் விற்றிருந்தாலும் அது பொருந்தும், குறையைக் கண்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் வாங்கும் முன்பே குறை இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். கோந்த்ரோல் தெக்னிக் என்னும் கட்டாய வண்டிப் பரிசோதனையின் சான்றிதழை மட்டும் நம்பி வாங்குவது போதாது, அங்கே எதையும் கழற்றாமல்தான் பார்க்கிறார்கள், கார்பெட்டுக்கு அடியில் உள்ளது அவர்கள் கண்ணில் படாது. ஆகவே எதையும் தொடுவதற்கு முன் அடைப்பையும் ஈரத்தையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரை லிட்டர் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கவில்லை என்று எழுதுங்கள். நீங்கள் இருக்கும் கார்ஜ் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். மாதக் கடைசியில் திரும்பியதும் நைலான் கம்பியோடு வருகிறேன், இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.