மீன்தொட்டிக்குள் மரத்துண்டு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மரத்தடியில் விழுந்து கிடக்கும் காய்ந்த கிளையை எடுத்து நன்னீர்த் தொட்டியில் வைக்கலாமா, அல்லது கடையில் விற்பதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வைக்கலாம், ஆனால் எந்த மரம் என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அரளியைப் போன்ற நச்சு மரங்களையும், பால் வடியும் மரங்களையும், பைன் போன்ற பிசின் மிகுந்த மரங்களையும் தொடவே வேண்டாம். பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட தோட்டத்திலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் எடுக்காதீர்கள். கடற்கரையில் ஒதுங்கிய கட்டைக்குள் உப்பு ஊறியிருக்கும் என்பதால் அதுவும் நன்னீருக்கு ஏற்றதன்று. பச்சைக் கிளையில் எஞ்சியிருக்கும் சாறு நீரில் கரைந்து பாக்டீரியாக்களைப் பெருக்கி, மீன்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குறைத்துவிடும். ஆகவே கிளை பல மாதங்கள் உலர்ந்து, பட்டை முழுவதும் உரிந்து, நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாத அளவுக்கு வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். மரத்தின் பெயர் தெரியவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே என் வழக்கம்.

கேள்வி: மோப்பானிக் கட்டையை (கடைகளில் தொட்டிக்கென்று விற்கும் ஆப்பிரிக்க மரம்) இரண்டு முறை வேகவைத்தும் தண்ணீர் கஷாயம் போல் ஆகிவிட்டது. மீன்களுக்குக் கெடுதலா?

பதில்: இல்லை. அது மரத்திலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்புச் சாயம், அழுக்கு அன்று. அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவின் நீர் கறுத்துத் தெரிவதற்கு அழுகும் இலைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைந்து வரும் இதையொத்த பொருள்களே காரணம். கார்டினல் டெட்ரா மீன் அந்த நீரில்தான் பிறந்து வளர்கிறது. நிறம் பிடிக்காதவர்கள், கட்டையை வாளியில் மூழ்கடித்து, நீர் வெளிறும்வரை நாள்தோறும் நீரை மாற்றி வரலாம். மோப்பானிக்கு இது வாரக்கணக்கில் நீளும். தொட்டியில் ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் கரி) வைத்து, வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றினால் போதும். சாயத்தை வெளுக்கிறேன் என்று பிளீச்சில் ஊறவைப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை, ஏனெனில் மரம் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதை மெதுவாகத்தான் திருப்பித் தரும்.

கேள்வி: அப்படியானால் டானின் பி.எச். அளவைக் குறைத்து நீரை அமிலமாக்கும் என்பது உண்மையா?

பதில்: உங்கள் நீரைப் பொறுத்தது. கார்பனேட் கடினத்தன்மை குறைந்த மென்னீரில் பி.எச். சற்று இறங்கும், கடினநீரில் அந்தக் கார்பனேட்டே அமிலத்தை ஈடுகட்டிவிடுவதால், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்த பின்னும் சோதனையில் மாற்றம் தெரியாது. கடினநீரை மரத்தைக் கொண்டு மென்மையாக்க முயல்வது வீண்வேலை.

கேள்வி: புதிதாக வைத்த ஸ்பைடர் வுட் (மெல்லிய கிளைகள் பரந்த ஒரு வகைக் கட்டை) மீது வெள்ளையாக, வழவழப்பான பஞ்சு போலப் படர்ந்திருக்கிறது. எடுத்து எறிந்துவிடவா?

பதில்: வேண்டாம். மரத்திலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம் அது. அந்த உணவு தீர்ந்ததும், பெரும்பாலும் சில வாரங்களில், தானே மறைந்துவிடும். இறால்களும் நத்தைகளும் அதை விருப்பத்துடன் மேயும். பொறுக்க முடியாவிட்டால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள், சோப்பு கூடாது.

கேள்வி: மூன்று வாரம் ஊறிய பின்னும் கட்டை மிதக்கிறது.

பதில்: மரத்துளைகளில் காற்று இருக்கும்வரை மிதக்கத்தான் செய்யும். பாத்திரத்தில் கொள்ளுமானால் ஒன்றிரண்டு மணி நேரம் வேகவையுங்கள். காற்று வெளியேறும், ஒட்டியிருக்கும் பூச்சிகளும் முட்டைகளும் அழியும். கொள்ளாவிட்டால் ஒரு பலகைக்கல்லில் எவர்சில்வர் திருகாணியால் பிணைத்து, கல்லை மணலுக்குள் புதைத்துவிடலாம். கண்ணாடிச் சுவர்களுக்கிடையே இறுக்கிச் செருகாதீர்கள். ஊறி உப்பும் மரம் கண்ணாடியை விரிசல் விடச் செய்யக்கூடும்.

கேள்வி: பிளெக்கோ மீனுக்கு (உறிஞ்சுவாய்க் கெளுத்தி) மரம் கட்டாயமா?

பதில்: எல்லா இனத்துக்கும் இல்லை. பிளெக்கோக்களில் பனாக்கே இனங்கள் மரத்தைச் சுரண்டித் தின்பவை என்பதால் அவற்றுக்கு அவசியம் கொடுக்க வேண்டும். ஆனாலும் அவை கறையானைப் போல் மரநாரைச் செரித்து வாழ்பவை அல்ல என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், மரம் இருக்கிறதே என்று உணவைக் குறைத்துவிடக் கூடாது. மற்றவை மரத்தை ஒளிவிடமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் பயன்படுத்துகின்றன.

கேள்வி: அனுபியாஸ் என்ற நீர்ச்செடியை மரத்தில் கட்டினேன், அடித்தண்டு அழுகுகிறது.

பதில்: தண்டை மணலிலோ பிளவிலோ புதைத்திருப்பீர்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் கிடைத்தண்டு வெளியே தெரிய வேண்டும்; வேர் மட்டும் மரத்தைப் பற்றினால் போதும். அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக இருக்கும் கட்டையைத் தூக்கியபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

பதில்: ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் மரத்தின் உட்பகுதியோ அதன் அடியிலுள்ள மணலோ அழுகுகிறது என்று பொருள். இந்த வாயு மீன்களுக்கு நஞ்சு. கட்டையை வெளியே எடுத்து, தொட்டியில் ஒரு பகுதி நீரை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பிறகு கட்டையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள்: உறுதியாக இருந்தால் கழுவி, மணலில் புதையாதபடி மீண்டும் வைக்கலாம், கேக் போல் உதிர்ந்தால் அது உளுத்துவிட்டது, அடுப்புக்குத்தான் ஆகும்.