வாயில் ஆபரேஷன், மூக்கில் ஏன் குழாய்?

வாசகர் கேள்விகளுக்கு மயக்க மருந்து மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்குக் கீழ்த்தாடை எலும்புக்குள் நீர்க்கட்டி. அதை ஒட்டியிருக்கும் ஞானப்பல்லையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். முழு மயக்கம் கொடுத்து மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. வாயில் செய்யும் ஆபரேஷனுக்கு மூக்கில் எதற்குக் குழாய்? மரத்துப்போகிற ஊசி போதாதா?

பதில்: சகோதரி, ஒற்றைப் பல்லைப் பிடுங்க அந்த ஊசி தாராளமாகப் போதும். ஞானப்பல்லைக்கூடப் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். எலும்பைக் குடைந்து கட்டியை முழுசாக எடுப்பது கொஞ்சம் பெரிய வேலை. நேரம் பிடிக்கும். எலும்பு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே குடைவார்கள். அந்தத் தண்ணீரும் ரத்தமும் தொண்டைக்கு இறங்கியபடி இருக்கும். விழித்திருப்பவர் விழுங்கிவிடுவார், இல்லையென்றால் இருமுவார். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு இரண்டுமே முடியாது. நுரையீரலுக்குள் ஒரு சொட்டும் போகாமல் காப்பது என் பொறுப்பு. அதற்குத்தான் மூச்சுக்குழல்வரை போகும் இந்தக் குழாய்.

வாய் வழியாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் அறுவை மருத்துவருக்கும் எனக்கும் வேலை செய்ய இருப்பது அந்த ஒரே வாய்தான். குழாய் நடுவில் கிடந்தால் அவர் கைக்கு இடைஞ்சல், அவர் கை பட்டுக் குழாய் நகர்ந்தால் எனக்கு ஆபத்து. தாடை எலும்பு முறிந்தவர்களுக்கு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். அங்கே வாய்க்குள் குழாய் இருந்தால் பல் எப்படிச் சேரும்? மூக்கு வழியாகப் போய்விட்டால் வாய் முழுக்க அவருக்கு, மூச்சு எனக்கு.

உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: வழக்கமாக, தூங்கிய பிறகுதான் குழாய் உள்ளே போகும். அதற்கு முன் ஒவ்வொரு மூக்குத் துவாரமாக மூடி மூச்சு விடச் சொல்வோம். எது தாராளமாக இருக்கிறதோ அந்தப் பக்கம். ரத்தக்குழாய்கள் சுருங்க மூக்கில் சொட்டு மருந்து விடுவோம். குழாயை வெதுவெதுப்பான உப்பு நீரில் போட்டு வளையும்படி மென்மையாக்கி, ஜெல் தடவி, மெதுவாகத்தான் தள்ளுவோம். அப்படியும் சிலருக்கு லேசாக ரத்தம் கசியும், ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரக்கும். அது தானாகச் சரியாகிவிடும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் நல்லது. வாய் சரியாகத் திறக்காதவர்களை முதலிலேயே தூங்கவைப்பது ஆபத்தாகலாம். அவர்களுக்கு மட்டும் மூக்கையும் தொண்டையையும் மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே மெல்லிய கேமரா வழியாகப் பார்த்துக் குழாயை இறக்குவது உண்டு.

குழாய் போட்ட பிறகு, ஈரமான துணிச்சுருளைத் தொண்டையைச் சுற்றி அடைத்து வைக்கும் வழக்கம் உண்டு. வழியும் ரத்தத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். என் மனம் முழுக்க அந்தத் துணியில்தான் இருக்கும். வைத்ததும் உரக்கச் சொல்லிப் பலகையில் எழுதவைப்பேன். எடுத்ததும் மறுபடி உரக்கச் சொல்வேன். அது உள்ளேயே தங்கிவிட்டால், குழாயை எடுத்த அடுத்த நிமிஷம் மூச்சு அடைத்துவிடும். அப்புறம் உள்நாக்குக்குப் பின்னால் ரத்தக்கட்டி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து உறிஞ்சி எடுப்பேன். அவர் கண்ணைத் திறந்து, சொன்னபடி கேட்டு, நன்றாக மூச்சு விட்ட பிறகுதான் குழாய் வெளியே வரும். “கண்ணைத் திறங்க, நல்லா மூச்சை இழுங்க” என்று ஒரு குரல் கேட்கும், அதன்படி செய்தால் போதும் என்று அவரைத் தயார்படுத்தி வையுங்கள்.

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று வருவது, அடிக்கடி மூக்கில் ரத்தம், ஆடுகிற பல், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை – இவற்றில் எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கன்னம் வீங்கியிருந்தபோது கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப் போனேன். இரண்டு ஊசி போட்டும் வலித்தது. என் உடம்புக்கு ஊசி ஏறாதா?

பதில்: ஏறும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அங்கே மருந்தில் கொஞ்சம்தான் நரம்புக்குள் நுழையக்கூடிய நிலையில் இருக்கும், மீதி வெளியிலேயே நின்றுவிடும். அதனால் வீங்கிய இடத்தை விட்டுத் தள்ளி, தாடையின் பின்பக்கம் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே மருந்தைப் போடுவார்கள். 1880-களிலேயே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கோகெய்னை வைத்து இந்த நரம்பை மரக்கச் செய்திருக்கிறார். இன்று நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் லிக்னோகெய்ன். போட்டதும் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கீழுதடு தடித்துப்போன மாதிரி இருந்தால் மருந்து பிடித்திருக்கிறது. உதடு மரக்கவில்லை என்றால் “இன்னும் மரக்கவில்லை டாக்டர்” என்று தயங்காமல் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். அதற்காக ஊசியை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. ரத்தக்குழாயைச் சுருக்க அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் உச்ச அளவு. அவசரம் இல்லையென்றால் முதலில் சீழை வடித்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுப்பதுதான் நல்லது.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால் அது பெரும்பாலும் அந்த அட்ரினலின் வேலை, சில நிமிஷத்தில் அடங்கிவிடும்.

கேள்வி: 6 வயது மகளுக்கு மேலண்ணத்தில் ஆபரேஷன். காலையில் தாகம் என்று அழுதால் என்ன செய்வது?

பதில்: பாலும் சாப்பாடும் மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்பது பொதுவான விதி. ராத்திரி முழுக்கக் குழந்தையை வாட வைக்க வேண்டியதில்லை. உங்கள் மருத்துவமனையில் என்ன நேரம் சொல்கிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் தின்றுவிட்டாள் என்றால் மட்டும் மறைக்காதீர்கள். ஆபரேஷனைத் தள்ளி வைப்போம், அவ்வளவுதான். உங்களை யாரும் திட்டப் போவதில்லை.