பில் இல்லாத பல் செட்

மேல், கீழ் இரண்டும் புது செட். மேலே கச்சிதமாக நிற்கிறது. கீழ் செட் வாயைத் திறந்தாலே எழும்பி வருகிறது. டாக்டர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், கும்பகோணம்

இல்லை. மேல் செட் அண்ணம் முழுக்கப் படிந்து, எச்சில் பிடிப்பில் நிற்கும். கீழே நடுவில் நாக்கு இருப்பதால் படிய இடம் குறைவு. நாக்கும் கன்னமும் அதை அமுக்கிப் பிடிக்கப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இட்லி, குழைந்த சாதம். சின்ன வாயாக எடுத்து இரண்டு பக்கமும் மெல்லுங்கள். முன்பல்லால் எதையும் கடித்து இழுக்காதீர்கள். பேச்சு குழறினால் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள். ஈறில் புண் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். போகிற அன்று காலையிலேயே செட்டை மாட்டிக்கொண்டு போனால், எங்கே அழுத்துகிறது என்பது சிவந்த தடத்தில் தெரியும். அங்கே மட்டும் தேய்த்துக் கொடுப்பார்.

கிருமி போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வளைந்துவிட்டது. மாற்றித் தருவார்களா?
– வாசகி, ஈரோடு

தரமாட்டார்கள். அது அக்ரிலிக் அம்மா, எவர்சில்வர் இல்லை.

பல் செட் கழுவ மாத்திரை, மெஷின் என்று என்னென்னவோ விற்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், திருநெல்வேலி

மிருதுவான பிரஷும் கை கழுவும் சோப்பும் போதும். பேஸ்ட் வேண்டாம், கீறல் விழுந்தால் அதில்தான் அழுக்கு ஏறும். வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தேயுங்கள், கைநழுவினாலும் உடையாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். மாத்திரை கெடுதல் இல்லை, ஆனால் பிரஷ் போட்டுத் தேய்ப்பதற்கு அது ஈடாகாது. மெஷினா? ஆன்லைனில் நீல விளக்கு எரிகிற பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். விளக்கு இன்றும் நன்றாக எரிகிறது. உள்ளே குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கே வந்து ஒருவர் அம்மாவுக்கு அளவெடுத்து செட் கொடுத்தார். ஒன்பதாயிரம் ரூபாய். வாயெல்லாம் புண். இப்போது போனை எடுப்பதில்லை. பில்லும் இல்லை.
– வாசகி, விருதுநகர்

முதலில் செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், படியேற முடியாதவர்களைக் குறிவைத்துத்தான் இவர்கள் வருகிறார்கள். அரசு பல் மருத்துவமனையோ பல் மருத்துவக் கல்லூரியோ பக்கத்தில் இருந்தால் காட்டி, புண்ணைப் பற்றி எழுதி வாங்குங்கள். செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் சாட்சி.

வாயைப் பார்த்து அளவெடுப்பது பதிவு பெற்ற பல் மருத்துவரின் வேலை. பதிவில்லாமல் பல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லியாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

இந்த ‘பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம்’ பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய கிளினிக்கிலும் இதே கதை. துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டுக் காட்டிவிட்டு, அதையும் கசக்கிப் போடுகிறார்கள். பில்லில் டாக்டர் பெயர், பதிவு எண், என்ன செட், எத்தனை முறை இலவசமாகச் சரிசெய்வார் என்பதெல்லாம் இருக்கவேண்டும். பல்லைப் பிடுங்கிய கையோடு செட் மாட்டினால் எலும்பு கரையக் கரைய அது தளரும். உள்பக்கம் புதிதாக லைனிங் போடவேண்டி வரும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

உடைந்த செட்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். இப்போது கடி சேரவில்லை. எங்கே புகார் செய்வது?
– வாசகர், சேலம்

யார் மேல்?